பந்தயத் தடத்தின் வாசலோடு நின்றுவிடும் காப்புறுதி



வாகனக் காப்புறுதியைப் பற்றி அண்மையில் எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசிக்கொண்டிருந்தோம். நிகழ்ச்சி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். பெயர் சொல்ல விரும்பவில்லை.

"அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை செப்பாங் சர்க்கிட்ல காடி ஓட்டினேன். ரேஸ் இல்லக்கா, சும்மா டிராக் டேதான். ஒரு வளைவுல சறுக்கித் தடுப்புல மோதிட்டேன். முன்பக்கம் முழுசா போச்சு. எனக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கு. கிளேம் பண்ண முடியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார். "இல்லேன்னா, ஹைவேல மோதினதா போலிஸ் ரிப்போர்ட் செஞ்சா ஆகுமா?"

அரங்கில் ஒரு நொடி அமைதி. நேரடி நிகழ்ச்சியில் ஒரு நொடி என்பது நீண்ட நேரம். அன்று என்னுடன் மூன்று விருந்தினர்கள் இருந்தார்கள். ஒருவர் காப்புறுதி முகவர். இன்னொருவர் விபத்துக்குள்ளான வாகனங்களைப் பார்த்து இழப்பை மதிப்பிடுபவர். மூன்றாமவர் பட்டறை வைத்திருப்பவர். அவரே மாதம் ஒரு முறை தடத்தில் காடி ஓட்டுபவர். மதிப்பீட்டாளர்தான் முதலில் பேசினார்.

"தம்பி, அந்த ரிப்போர்ட்ட செஞ்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்படின்னா செய்யாதீங்க. இந்த நிமிஷம் வரைக்கும் நீங்க இழந்தது ஒரு காடிய மட்டும்தான்."

அத்துடன் நேரம் முடிந்துவிட்டது. அந்த இளைஞருக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு விருந்தினர்கள் மூவரும் எனக்கு விளக்கிச் சொன்னவற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வீட்டில் காடி ஓட்டும் மகனோ மகளோ இருந்தால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

டிராக் டே என்பது என்ன?

நம் பெரியவர்கள் பலருக்குக் கார் பந்தயம் என்றால் ஷா ஆலம் அருகே இருந்த பத்து தீகா தடம்தான் நினைவுக்கு வரும். பிறகு 1999-ஆம் ஆண்டில் செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஒரு சுற்றின் நீளம் 5.543 கிலோமீட்டர், மொத்தம் 15 வளைவுகள். அதே ஆண்டு தொடங்கி 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே நடைபெற்றது.

பந்தயம் இல்லாத நாள்களில், கட்டணம் செலுத்தி நம்மைப் போன்ற சாதாரணமானவர்களும் சொந்தக் காடியை அங்கே ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடுதான் டிராக் டே. பரிசு கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. காலையில் ஒரு விளக்கக் கூட்டம் நடக்கும். எந்தக் கொடிக்கு என்ன பொருள் என்று சொல்லித் தருவார்கள். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகத் திரும்பி வர வேண்டும். தலைக்கவசம் அணிய வேண்டும். ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பாரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் டிராக் டேக்கு எதிரி அல்ல. பொதுச் சாலையில் நள்ளிரவில் பந்தயம் ஓட்டும் பிள்ளைகளைப் பார்த்து, "வேகமாக ஓட்ட ஆசையிருந்தால் சர்க்கிட்டுக்குப் போ" என்று சொல்பவர்கள் நாம்தான். அந்த அறிவுரை சரியானதே. எதிரே லாரி வராது, குறுக்கே மோட்டார் சைக்கிள் வராது, ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் அறிவுரையின் மறுபாதியை நாம் சொல்லித் தருவதில்லை. உயிருக்குப் பாதுகாப்பான அந்த இடம், பணத்துக்குப் பாதுகாப்பான இடம் அல்ல.

'முழு' என்ற சொல்லின் அளவு

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி காப்புறுதி இல்லாமல் காடியைச் சாலையில் ஓட்ட முடியாது. சட்டம் கட்டாயமாக்குவது, சாலையில் நம் காடியால் மற்றவருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை. மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் அடிப்படை அதுதான். நம் காடிக்கு ஏற்படும் சேதத்தையும் சேர்த்துக்கொள்வது முழுக் காப்புறுதி. பேச்சு வழக்கில் அதைத்தான் 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' என்கிறோம்.

'முழு' என்ற சொல்லைக் கேட்டதும், என்ன நடந்தாலும் பணம் வரும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில், முழுக் காப்புறுதி எடுத்தவருக்குக்கூட வெள்ளச் சேதமும் கண்ணாடி உடைவதும் பெரும்பாலும் கூடுதல் சந்தா கட்டிச் சேர்க்க வேண்டியவை. காடியில் நம்மோடு பயணம் செய்பவர்கள் நம்மீது வழக்குப் போட்டால் அதற்கான பாதுகாப்பும் அப்படியே. 'முழு' என்பதன் பொருள், பத்திரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு முழு. அவ்வளவுதான்.

பத்திரத்தில் உள்ள நான்கு சொற்கள்

முகவர் தன் பையிலிருந்து ஒரு காப்புறுதிச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். நம் வீட்டில் கோப்புக்குள் கிடக்கும் அதே தாள்தான். 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியில், எந்தெந்தப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருக்கிறது. வாடகைக்கு விடுவது அதில் ஒன்று. அதோடு சேர்ந்து நான்கு சொற்கள் வருகின்றன: பந்தயம், பந்தயத்தில் வேகம் காட்டி முன்னே ஓடுதல், வாகனத்தின் தாங்குதிறன் சோதனை, வேகச் சோதனை.

"அந்தத் தம்பி ரேஸ் இல்லைன்னு சொன்னாரே, அவர் சொன்னது சரிதானே?" என்று நான் கேட்டேன்.

முகவர் சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. சரி, பந்தயம் இல்லைன்னே வச்சுக்குவோம். ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிஷம்னு கைத்தொலைபேசில பார்த்திருப்பாரே, அதுக்கு என்ன பேரு?"

நியாயமான கேள்வி. போன சுற்றைவிட இந்தச் சுற்றில் வேகமாக வந்தேனா என்று பார்ப்பது வேகச் சோதனை என்றுதான் காப்புறுதி நிறுவனம் வாதிடும். பந்தயத் தடத்தில் ஓட்டுவதையே வெளிப்படையாக விலக்கி எழுதும் பத்திரங்களும் உண்டு. தக்காஃபுல் எடுத்திருப்பவர்களும் தங்கள் சான்றிதழில் இதே பகுதியைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே நிரந்தரப் பந்தயத் தடம் இல்லாததால், ஆர்வமுள்ளவர்கள் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டிச் செப்பாங்கிற்கு வருகிறார்கள். உங்கள் காப்புறுதி பொதுவாக மேற்கு மலேசியச் சாலைகளுக்கும் செல்லும். ஆனால் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் உள்ள விலக்கு எல்லையைத் தாண்டியும் கூடவே வருகிறது.

ஏன் இப்படி விலக்குகிறார்கள்?

இது காப்புறுதி நிறுவனத்தின் கஞ்சத்தனம் மட்டுமல்ல. காப்புறுதி ஒரு பொதுக் குடம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு குவளை ஊற்றுகிறோம். அந்த ஆயிரம் பேரில் யாருக்கோ விபத்து நேரும்போது குடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சந்தா கணக்கிடப்படுகிறது. வேலைக்குப் போய் வருபவர், பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவர், கோயிலுக்குப் போகிறவர் ஆகியோரின் கணக்கு அது.

தடத்தில் நடப்பது வேறு கணக்கு. பட்டறைக்காரர் எளிமையாகச் சொன்னார். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும் காடியை நிறுத்துவதைப் போல நான்கு மடங்கு வேலையை, 180-இல் வரும்போது பிரேக் செய்ய வேண்டும். நெடுஞ்சாலையில் எப்போதாவது ஒரு முறை அழுத்திப் பிடிக்கும் பிரேக்கைத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை அழுத்துகிறோம். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை இறங்கும், காடி நிற்காது. டயரும் அப்படித்தான். முதல் சுற்றில் சூடேறாமல் வழுக்கும், கடைசிச் சுற்றுகளில் அதிகச் சூட்டில் பிடிமானம் இழக்கும். குடும்பக் காடியை அந்த வேலைக்காகச் செய்யவில்லை.

சந்தா கட்டுபவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தச் செலவைச் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதனால்தான் பிரிட்டனில் டிராக் டேக்கு என்றே ஒருநாள் காப்புறுதியைத் தனியாக விற்கிறார்கள். அதிலும் முதல் ஒரு பகுதிச் சேதத்தை நாமே ஏற்க வேண்டும். பெரும்பாலும் நம் காடிக்கு மட்டும்தான் பாதுகாப்பு, மற்றவர் காடிக்கு இல்லை.

காடி மட்டும் போவதில்லை

இப்போது அந்தக் கையெழுத்துப் பாரத்துக்கு வருவோம். பெரும்பாலான டிராக் டே பாரங்களில், என்ன நேர்ந்தாலும் ஏற்பாட்டாளரையும் தடத்தின் நிர்வாகத்தையும் பொறுப்பாக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறோம். தடுப்புச் சுவரோ வேலியோ சேதமானால் அதற்கான பணத்தை நாமே கட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கலாம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி ஓட்டலாம். அங்கே தடுப்பில் மோதியவருக்குத் தடுப்பைச் சரிசெய்யும் செலவும் இழுவை லாரிச் செலவும் கணக்குப் போட்டு வரும். காடி போனதற்கு மேல் அதுவும் ஒரு கடன்.

இன்னொருவர் காடியில் மோதினால்? அவரும் இதே போன்ற பாரத்தில் கையெழுத்திட்டிருப்பார். அவரவர் சேதம் அவரவருக்கு என்பதே பெரும்பாலும் நடைமுறை. அப்படியென்றால், தவறே செய்யாமல் உங்கள் காடி நொறுங்கினாலும் கேட்பதற்கு ஆளில்லை.

உடம்புக்கு அடிபட்டால்? பல மருத்துவ அட்டைகளிலும் தனிநபர் விபத்துக் காப்புறுதிகளிலும் பந்தயமும் ஆபத்தான விளையாட்டுகளும் விலக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தாளையும் எடுத்துப் படியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிது கடன். தவணையில் வாங்கிய காடிக்கு, வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டும்வரை வங்கிதான் உரிமையாளர். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். கடன் பாக்கி 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சாலை விபத்தில் காடி முற்றாக அழிந்தால் காப்புறுதிப் பணம் முதலில் வங்கிக்குப் போய்க் கடனைக் குறைக்கும். தடத்தில் அழிந்தால் அந்தப் பணம் வராது. காடி இல்லை, ஆனால் 40,000 வெள்ளிக் கடன் அப்படியே நிற்கும். கட்டத் தவறினால் வங்கி அடுத்துத் தேடி வருவது பிணைக் கையெழுத்துப் போட்டவரை. நம் வீடுகளில் அந்தக் கையெழுத்து பெரும்பாலும் அப்பாவுடையது.

அந்தப் பொய்யின் விலை

இளைஞரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இழுவை லாரியில் ஏற்றி வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் மோதியதாகச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

"எனக்குத் தெரியும்" என்றார் மதிப்பீட்டாளர். சாலைத் தடுப்பில் மோதிய காடியும் பந்தயத் தடத்தின் டயர்ச் சுவரில் மோதிய காடியும் ஒரே மாதிரி நசுங்குவதில்லை. டயர் ஓரங்களில் ரப்பர் உருகிய அடையாளம் இருக்கும். பிரேக் தட்டு நிறம் மாறியிருக்கும். சம்பவ இடத்தில் கண்ணாடித் துண்டுகூட இருக்காது. புதிய காடிகள் பலவற்றில், காற்றுப்பை விரியும் நேரத்து வேகத்தைக் காடியே பதிவு செய்துகொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று தடத்தில் இருந்த நண்பர்கள் எடுத்த படம் சமூக ஊடகத்தில் ஏறியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? பொய்யான போலிஸ் புகாருக்குக் குற்றவியல் சட்டத்தின் 182-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்தப் புகாரைக் காட்டிப் பணம் பெற்றால் அது ஏமாற்றுதல். 420-ஆவது பிரிவில் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. மகன் செய்த பிழைக்குத் தவணை கட்டி மீளலாம். குற்றப் பதிவோடு வேலை தேடுவது அப்படியல்ல.

போகத்தான் வேண்டும் என்றால்

ஆசையைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். மூன்று விருந்தினர்களும் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

முதலில், முகவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். "இந்தத் தேதியில் இந்தத் தடத்தில் ஓட்டப் போகிறேன், எனக்குப் பாதுகாப்பு உண்டா?" என்று எழுத்தில் கேட்டு, நிறுவனத்தின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பாதுகாப்பாக ஓட்டப் பயிற்சி தரும் வகுப்புக்குச் சில வேளைகளில் வேறு பதில் வரலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பங்கேற்பவருக்கு அன்றைய விபத்துக் காப்புறுதி உண்டா? தடுப்புச் சேதத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? பாரத்தைக் கையெழுத்துப் போடும் மேசையில் படிக்காதீர்கள். முந்தைய நாளே வாங்கி வீட்டில் படியுங்கள்.

மூன்றாவது, கடன் முடியாத காடியைத் தடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பட்டறைக்காரர் சொன்ன அளவுகோல் இது: "நாளைக்குக் காலைல இந்தக் காடி இல்லைன்னா, வேலைக்கு எப்படிப் போவேன்? இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தா போங்க." அவர் ஓட்டுவது கடன் தீர்ந்த பழைய காடி.

நான்காவது, காடியில் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் மறைக்காதீர்கள். காப்புறுதி எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையான பதில் தரும் பொறுப்பு 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி நமக்கு உண்டு. மறைத்தது பிறகு தெரிந்தால், தடத்துக்குத் தொடர்பே இல்லாத சாலை விபத்திலும் இழப்பீடு சிக்கலாகலாம்.

ஐந்தாவது, வீடு திரும்பும் வழி. தடத்தின் வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறியதும் உங்கள் காப்புறுதி மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால் காடியை நல்ல நிலையில் வைத்திருப்பதும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு கடமை. தேய்ந்த டயரோடும் தளர்ந்த பிரேக்கோடும் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு, தடத்திலிருந்து வெளியே வருபவருக்கு நடப்பது போல இருக்கும். அந்த மயக்கம்தான் ஆபத்து.

உங்களுக்கு நியாயமான இழப்பீடு மறுக்கப்பட்டதாக நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் செய்யுங்கள். அவர்களின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால், 2025 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

அந்தத் தம்பி என்ன செய்தார்?

நிகழ்ச்சி ஒளியேறிய இரண்டு நாள் கழித்து, எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் நடுத்தர வயதுக்காரர். "அன்னிக்கு போன் பண்ணுனது என் பையன்தாம்மா" என்றார். தொலைக்காட்சியில் குரலைக் கேட்ட உடனே தெரிந்துவிட்டதாம். காடி பட்டறையில் இருக்கிறது என்று மட்டும்தான் அதுவரை வீட்டில் சொல்லியிருந்தான். பிணைக் கையெழுத்து அவருடையதுதான்.

கோபமாகப் பேசுவார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவன் ரிப்போர்ட் செய்யலதானேம்மா?"

செய்யவில்லை என்றுதான் சொன்னான் ஐயா என்றேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "அது போதும். தவணைய ரெண்டு பேரும் சேர்ந்து கட்டிக்குவோம். நான் பத்து வருஷமா ஓட்டுற மோட்டார் சைக்கிள் இருக்கு. அவன் அதுல வேலைக்குப் போகட்டும், நான் பஸ்ல போய்க்கிறேன்."

அந்தக் காப்புறுதிப் பத்திரம் விபத்துக்கு முன்பும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது நேயர்களே. படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்று இரவு உங்கள் வீட்டுக் கோப்பைத் திறந்து, 'பயன்பாட்டு வரம்பு' என்ற அந்தப் பகுதியைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு முறை வாசியுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு கேள்வியோடு சந்திப்போம். வணக்கம்.